வாழ்க்கை சின்னதுதான்... ஆனா யாரோட வாழ்க்கை?

ஓம் சரவணபவ!

வேலும் மயிலும் துணை.

இந்த வாரப் பதிவுல தலபுராணம் இல்லை, விரதப் பலன் இல்லை. நான் அவசரப்பட்டு வாங்கின ஒரு பைக் பத்திதான் எழுதப் போறேன். "முருகன் பக்கத்துல பைக் கதையா"ன்னு நினைக்காதீங்க. நம்மில் பாதிப் பேருக்கு என் வயசுதான். மாசச் சம்பளம், கையில போன், போனுக்குள்ளேயே லோன். இது உங்க கதையாவும் இருக்கலாம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

2024 ஆகஸ்ட் மாசம். என் டீம்ல ஒரு அண்ணன் இருந்தார். வயசு 33. நான் 2018-ல காலேஜ் முடிச்சு, ஒண்ணுமே தெரியாம வேலைக்குச் சேர்ந்தப்போ, பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூணு மணி நேரம் ஒவ்வொரு வரியா கோடு சொல்லிக் கொடுத்தவர். வியாழக்கிழமை காலை மீட்டிங்ல எங்களோட பேசினார். சனிக்கிழமை ராத்திரி மாரடைப்பு. ஞாயிறு மதியம் நாங்க எல்லாரும் மயானத்துல நின்னோம்.

திரும்பி வரும்போது ஒரு டீக்கடையில நின்னோம். யாருக்கும் பேச்சு வரல. கடைசியில ஒருத்தன் சொன்னான்: "அவ்ளோதான் மச்சி வாழ்க்கை. பிடிச்சதைச் செஞ்சிடணும். எதையும் தள்ளிப் போடக் கூடாது."

அந்த வார்த்தை எனக்குள்ள போய் உட்கார்ந்துடுச்சு.

அடுத்த சனிக்கிழமை ஒரு பைக் ஷோரூமுக்குள்ள நுழைஞ்சேன். சும்மா பார்க்கத்தான். மலைப் பாதையில போற மாதிரி உயரமான வண்டி. காலேஜ் படிக்கும்போதே அதோட படத்தை லேப்டாப்ல வெச்சிருந்தேன். "டெஸ்ட் ரைடு போறீங்களா சார்?"னு கேட்டாங்க. போயிட்டு வந்தேன். ஹெல்மெட்டைக் கழட்டும்போதே முடிவு பண்ணிட்டேன்.

எல்லாம் சேர்த்து 3,40,000 ரூபாய். கையில 40,000 இருந்துச்சு. மீதி 3 லட்சத்துக்கு லோன். "உங்களுக்கு லோன் ரெடி"ன்னு மாசக்கணக்கா மெசேஜ் வந்துட்டு இருந்துச்சு, அன்னைக்கு அதைத் திறந்து அமுக்கினேன். 11 சதவீத வட்டி, 36 மாசம், மாசம் 9,820 ரூபாய். உள்ளே போனதுலேர்ந்து கையெழுத்து போடுற வரை ஒரு மணி நேரம்கூட ஆகல.

இப்போ யோசிச்சா எனக்கே சிரிப்பா இருக்கு. "நாளைக்கு இருப்போமான்னு யாருக்குத் தெரியும்"னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே, 36 மாசம் கண்டிப்பா இருப்பேன்னு கையெழுத்து போட்டிருக்கேன்!

வண்டி வந்த அன்னைக்கு வடபழனி ஆண்டவர் கோயிலுக்கு எடுத்துட்டுப் போனேன். மாலை, சந்தனம், சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம், எல்லாம் முறையா நடந்துச்சு. "நல்லபடியா பார்த்துக்கோ முருகா"ன்னு கும்பிட்டேன். கவனிச்சீங்களா? வாங்கலாமா வேண்டாமான்னு அவர்கிட்ட கேட்கவே இல்லை. முடிவை நான் எடுத்துட்டு, கடைசியா ஆசீர்வாதத்துக்கு மட்டும் அவர்கிட்ட போய் நின்னேன். நம்மில் நிறைய பேர் சாமி கும்பிடுறது இப்படித்தான்.

பொய் சொல்லக் கூடாது. முதல் ரெண்டு மாசம் ரொம்ப சந்தோஷமா இருந்தேன். விடியக்காலை ஈசிஆர்ல மாமல்லபுரம் வரைக்கும் ஓட்டிட்டுப் போய், கடலோரம் நின்னு டீ குடிச்சிட்டு, ஆபீஸுக்குத் திரும்பி வருவேன். அந்தக் காத்துக்கே காசு கொடுக்கலாம்னு தோணும். "வண்டி வாங்குறது பாவம், ஆசைப்படுறது தப்பு"ன்னு நான் இந்தப் பதிவுல சொல்ல வரல.

மூணாவது மாசத்துலேர்ந்து கதை மாறிடுச்சு. மலை ஏற வேண்டிய வண்டி ஓஎம்ஆர் டிராஃபிக்ல முதல் கியர்ல முனகிக்கிட்டு நிக்கும். மழை நாள்ல ஆபீஸ் கேபைப் பிடிச்சுடுவேன். வண்டி பார்க்கிங்ல தூசி படிஞ்சு கிடக்கும். ஆனா ஒவ்வொரு மாசமும் 5-ஆம் தேதி 9,820 ரூபாய் மட்டும் தவறாம போகும். நவம்பர்ல பார்த்தா, நான் அடுத்த வண்டிக்கு வீடியோ பார்த்துட்டு இருந்தேன். இதைவிடப் பெருசு, இதைவிட வேகம்.

அப்போதான் எனக்கு முதல் தடவையா பயம் வந்துச்சு.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திருப்போரூர் போனேன். ஓஎம்ஆர்ல வேலை பார்க்கிறவங்க ஒருமுறையாவது போகணும். நம்ம கண்ணாடிக் கட்டடங்களை எல்லாம் தாண்டி அதே ரோட்டுல நேரா தெற்கே போனா கந்தசாமி கோயில்தான். முருகன் சூரனோட படையை எதிர்த்து, கடல்ல போர் செஞ்ச இடம் திருச்செந்தூர், நிலத்துல திருப்பரங்குன்றம், ஆகாயத்துல திருப்போரூர்னு பெரியவங்க சொல்லுவாங்க. அங்கே பிராகாரத்துல உட்கார்ந்திருந்தப்போ சூரபத்மன் ஞாபகம் வந்துச்சு.

கச்சியப்ப சிவாச்சாரியார் எழுதின கந்தபுராணத்துல சூரபத்மன் தவம் செஞ்சு வாங்கின வரம் என்ன தெரியுமா? 1008 அண்டங்களை 108 யுகம் ஆளணும். யோசிச்சுப் பாருங்க. நமக்கு "வாழ்க்கை சின்னது"ங்கிற கவலை. அவனுக்கு அந்தக் கவலையே கிடையாது. 108 யுகம்! ஒருத்தன் ஆசைப்படுறதை எல்லாம் நிதானமா ஒவ்வொண்ணா அனுபவிக்கலாம். ஆனா அவனுக்குப் போதலையே? இருக்கிறதை எல்லாம் வெச்சுக்கிட்டு, மேல தேவர்களையும் பிடிச்சு சிறையில போட்டான்.

அப்போ பிரச்சினை வாழ்க்கை சின்னதா இருக்கிறது இல்லை. சின்னதா இருந்தாலும் நமக்குப் போதாது, 108 யுகம் கொடுத்தாலும் போதாது. "போதும்"னு சொல்ற இடம் ஆயுசுல இல்லை, மனசுலதான் இருக்கு.

இன்னொண்ணும் கவனிங்க. முருகன் சூரனைக் கடைசியில என்ன செஞ்சார்? மாமரமா நின்னவனை வேலால பிளந்தார். ஒரு பாதி மயிலாச்சு, ஒரு பாதி சேவலாச்சு. மயிலை வாகனமாக்கினார், சேவலைக் கொடியில வெச்சார். அவன் ஆசையை எல்லாம் அழிச்சு ஒண்ணும் இல்லாம ஆக்கல. தன் காலுக்குக் கீழ கொண்டு வந்து, வேலை கொடுத்தார். வாகனம்னா அதுதாங்க. வாகனம் நம்மைச் சுமக்கணும். நாம வாகனத்தைச் சுமந்தா அதுக்குப் பேரு இஎம்ஐ.

இவ்வளவும் யோசிச்சுட்டு, பெரிய ஞானம் வந்த மாதிரி ரூமுக்கு வந்து படுத்துட்டேன். உண்மையான பாடம் மார்கழியில ஒரு போன் காலாதான் வந்துச்சு.

எங்க ஊரு மதுரைப் பக்கம். அப்பா நூல் மில்லுல 30 வருஷம் நின்னே வேலை பார்த்தவர். நான் பிறந்த வருஷத்துலேர்ந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறவர். கொரோனா சமயத்தைத் தவிர கிட்டத்தட்ட 25 தடவை நடந்திருக்கார். பச்சை வேட்டி, கழுத்துல மாலை, தோள்ல ஒரு துணிப்பை. ராத்திரியெல்லாம் நடந்து, வழியில அன்னதானப் பந்தல்ல சாப்பிட்டு, திரும்பி வரும்போது கால் வெடிச்சு வீங்கி இருக்கும், முகம் மட்டும் அவ்வளவு பளிச்சுன்னு இருக்கும்.

அன்னைக்கு ராத்திரி போன்ல சொன்னார்: "தம்பி, இந்த வருஷம் நடக்க முடியாது போலடா. முட்டி ரெண்டும் போச்சு. டாக்டர் படி ஏறவே கூடாதுன்னுட்டார். சரி விடு, அவன் கூப்பிடுற வரைக்கும் போனோம்ல. அது போதும்."

"போதும்"ங்கிற வார்த்தையை எவ்வளவு சாதாரணமா சொல்லிட்டார் பாருங்க.

போனை வெச்சதும் எனக்கு ஏதோ உறுத்துச்சு. வாட்ஸ்அப்ல அப்பாவோட சாட்டைத் திறந்து "பழனி"ன்னு தேடினேன். வரிசையா வந்துச்சு.

2019 ஜனவரி. "தம்பி இந்த தடவ என்கூட பழனிக்கு நடக்க வர்றியா". என் பதில்: "இப்பதான்பா சேர்ந்தேன், லீவ் கேட்க முடியாது".

2020. "வர்றியாப்பா". பதில்: "ரிலீஸ் இருக்குப்பா. அடுத்த வருஷம் கண்டிப்பா".

2023. "நாலு நாள் லீவு போட முடியுமா". பதில்: "பார்க்கலாம்பா".

2024. "நாளைக்கு கிளம்புறோம்". என் பதில் வெறும் ஒரு கட்டைவிரல்.

ஒரு தடவைகூட அவர் கோவிச்சுக்கல. ரெண்டாவது தடவை வற்புறுத்தல. கேட்டார், நான் தள்ளிப் போட்டேன், தனியா நடந்துட்டு வந்தார். திரும்பி வந்து பஞ்சாமிர்தத்தை டப்பாவுல போட்டு, மெட்ராஸ் வர்றவங்ககிட்ட கொடுத்து விட்டார். நான் ரூம்ல நாலு பேரோட பகிர்ந்து சாப்பிட்டேன்.

டீக்கடையில நண்பன் சொன்னது நினைவிருக்கா? "எதையும் தள்ளிப் போடக் கூடாது." அதைக் கேட்டுட்டு நான் என்ன செஞ்சேன்? ஏழு நாள்ல பைக் வாங்கினேன். 3,40,000 ரூபாய்க்கு ஒரு மணி நேரம் போதுமா இருந்துச்சு. சில ஆயிரம் ரூபாய், நாலு நாள் லீவு, இதுக்கு ஆறு வருஷம் போதல.

வாழ்க்கை சின்னதுன்னு சொன்னப்போ நான் என் வாழ்க்கையை மட்டும்தான் அளந்து பார்த்திருக்கேன். அப்பாவுக்கும் வாழ்க்கை சின்னதுதானே. அதை நான் கணக்குல எடுக்கவே இல்லை.

இன்னொரு விஷயமும் அன்னைக்குத்தான் புரிஞ்சுது. வாழ்க்கை முடியுறதுன்னா நமக்கு மயானம்தான் ஞாபகம் வருது. உண்மையில அது ஒரே நாள்ல முடியுறது இல்லைங்க, ஒவ்வொரு கதவா சாத்திக்கிட்டே வருது. அப்பா நல்லா இருக்கார், முருகன் புண்ணியத்துல இன்னும் ரொம்ப நாள் இருப்பார். ஆனா அப்பாகூட சேர்ந்து பழனிக்கு நடக்கிறதுங்கிற ஒரு கதவு மூடிடுச்சு. எந்த லோன் போட்டாலும் அதைத் திறக்க முடியாது.

அன்னைக்கு ராத்திரி கந்தரலங்காரத்தை எடுத்தேன். அதுல அருணகிரிநாதர் ஒரு பாட்டுல நிழலைப் பத்திச் சொல்லுவார். அப்பா அடிக்கடி பாடுற பாட்டு, நான் அர்த்தம் தெரியாமலே கேட்டு வளர்ந்தது. கருத்தை மட்டும் என் வார்த்தையில சொல்றேன்.

உச்சி வெயில்ல நிக்கிறீங்க. உங்க நிழல் உங்க காலடியிலேயே விழுது. அது உங்களுடையதுதான், வேற யாருடையதும் இல்லை. ஆனா அந்த நிழல்ல நீங்க ஒதுங்க முடியுமா? முடியாது. கையில இருக்கிற பொருளும் அப்படித்தான். நம்ம கூடவே இருக்கிற மாதிரி இருக்கும், கடைசி வழியில ஒதுங்க இடம் தராது. அதனால வேலவனை வாழ்த்திக்கிட்டு, உடைஞ்ச அரிசியில ஒரு துணுக்கு அளவாவது இல்லாதவங்களுக்குப் பகிர்ந்து கொடுங்கன்னு முடிக்கிறார்.

"வாழ்க்கை சின்னது"ங்கிறதை அருணகிரியாரும் மறுக்கல. நம்மைவிட ரொம்ப அழுத்தமாச் சொன்னவர் அவர். இளமையில மனம்போன போக்குல வாழ்ந்து, எல்லாத்தையும் தொலைச்சு, திருவண்ணாமலை கோபுரத்துல ஏறிக் குதிச்சவரை முருகன் தாங்கிப் பிடிச்சார்னுதானே அவர் வரலாறு சொல்லுது? அனுபவிச்சுப் பார்த்துட்டுப் பேசுறவர். நாமும் அவரும் ஒரே இடத்துலேர்ந்துதான் கிளம்புறோம். வாழ்க்கை சின்னது, "அதனால வாங்கு"ன்னு விளம்பரம் சொல்லுது. வாழ்க்கை சின்னது, "அதனால பகிர்"னு அருணகிரியார் சொல்றார். "அதனால"வுக்கு அப்புறம் என்ன வருதுங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

போன மாசி மாசம், பூசக் கூட்டம் எல்லாம் குறைஞ்ச பிறகு, நாலு நாள் லீவு போட்டேன். கேட்டவுடனே கிடைச்சுது. ஆறு வருஷமா கிடைக்காதுன்னு நானா நினைச்சுக்கிட்டிருந்த லீவு!

அப்பாவை வண்டியிலேயே பழனிக்கு கூட்டிட்டுப் போகணும்னு எனக்கு ஒரு ஆசை. சென்னையிலேர்ந்து ஊர் வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன். அப்பா வாசல்லேயே நின்னுட்டு இருந்தார். வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தார். உள்ளே போய் திருநீறு எடுத்துட்டு வந்து ஹெட்லைட்டுக்கு மேல பூசினார். "நல்லா இருக்குடா"ன்னார்.

"ஏறி உட்காருங்கப்பா"ன்னேன்.

என் தோளைப் பிடிச்சுக்கிட்டு வலது காலைத் தூக்கினார். பாதி வரைக்கும்தான் வந்துச்சு. சீட் ரொம்ப உயரம். இன்னொரு தடவை முயற்சி பண்ணினார். முட்டி மடங்கல. முகத்துல வலி தெரிஞ்சுது. மெதுவா காலைக் கீழ வெச்சுட்டு சிரிச்சார். "நீ ஓட்டுப்பா. நாம பஸ்ஸுல போயிடுவோம்."

நான் அந்த வண்டிக்கு மைலேஜ் பார்த்தேன், டார்க் பார்த்தேன், டயர் அகலம் பார்த்தேன், பத்து வீடியோ பார்த்தேன். பின்னாடி யார் உட்காரப் போறாங்கன்னு மட்டும் பார்க்கல.

மறுநாள் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பழனி பஸ் ஏறினோம். அப்பா ஜன்னலோரம். ஒட்டன்சத்திரம் தாண்டினதும் ரோட்டோரம் ஒரு இடத்தைக் காட்டி, "இங்கதான் படுப்போம்"னார். இன்னொரு இடத்தைக் காட்டி, "இங்க ஒரு அம்மா வருஷா வருஷம் சுக்குக் காப்பி கொடுக்கும்"னார். அவர் 25 வருஷமா நடந்த ரோட்டை நான் பஸ் ஜன்னல் வழியா பார்த்துட்டு வந்தேன்.

அடிவாரத்துல போனைக் கொடுத்துட்டோம். 2023 அக்டோபர்லேர்ந்து பழனி மலைக் கோயிலுக்குள்ள போனுக்குத் தடைங்கிறது உங்க எல்லாருக்கும் தெரியும். பாத விநாயகரைக் கும்பிட்டதும், "நான் விஞ்ச்ல வர்றேன், நீ படியில ஏறு. வழியில இடும்பனைக் கும்பிட்டுட்டுப் போ. மேல விஞ்ச் வந்து நிக்கிற இடத்துல பார்ப்போம்"னார். கிளம்புறதுக்கு முன்னாடி குனிஞ்சு முதல் படியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை.

கிட்டத்தட்ட 700 படி. கையில போன் இல்லை, பக்கத்துல அப்பா இல்லை. முன்னாடி ஒரு குடும்பம் போயிட்டு இருந்துச்சு. எட்டு வயசுப் பையன் ஒருத்தன் வேகமா ஏறிட்டு, திரும்பிப் பார்த்து, "அப்பா, வாங்கப்பா"ன்னு கத்துவான். அந்த அப்பா மூச்சு வாங்க ஏறுவார். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இடும்பன் சன்னதியில நின்னு, "ரெண்டு மலையைத் தோள்ல சுமந்தவனே, எனக்கு இதைச் சுமக்கத் தெம்பு கொடு"ன்னு கும்பிட்டேன்.

மேல போனா, அப்பா எனக்கு முன்னாடியே வந்து நின்னுட்டு இருக்கார். "என்னடா இவ்வளவு நேரம்?"னு சிரிக்கிறார்.

சாயரட்சை நேரம். ராஜ அலங்காரம். கிரீடம், பட்டு, நகை, கையில தண்டம். கூட்டம் தள்ளிச்சு. அப்பா என் கையைப் பிடிச்சிருந்தார். வெளிய வந்து ஒரு ஓரமா உட்கார்ந்தோம். நான் எப்படியோ ஆரம்பிச்சேன். "அப்பா, நீங்க கூப்பிட்டப்போ நான் வந்திருக்கணும்..."

அவர் என்னை முடிக்க விடல. "எங்க அப்பாவும் என்னைக் கூப்பிட்டார்டா. மில்லுல லீவு இல்லைன்னு நானும் வருஷா வருஷம் சொல்லிக்கிட்டே இருந்தேன். அவர் போனதுக்கு அப்புறம்தான் நான் நடக்கவே ஆரம்பிச்சேன். நீ பரவாயில்லை. நான் இருக்கும்போதே வந்துட்ட."

25 வருஷம் அவர் எதுக்காக நடந்தார்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சொன்னார்: "காலையில வந்திருந்தா ஆண்டியா பார்த்திருக்கலாம். இப்ப ராஜாவா பார்த்தோம். ரெண்டும் அவன்தான். கிரீடம் வெச்சா வேண்டாங்க மாட்டான், கழட்டினா கேட்க மாட்டான்."

எவ்வளவு பெரிய விஷயத்தை அப்பா எவ்வளவு எளிமையா சொல்லிட்டார்! பழத்துக்காகக் கோவிச்சுக்கிட்டு, எல்லாத்தையும் விட்டுட்டு வந்து நின்ன மலை இது. அந்த ஆண்டிக்கே தினமும் சாயங்காலம் கிரீடம் வைக்கிறோம். அவர் கிரீடத்தை வெறுக்கவும் இல்லை, பிடிச்சு வெச்சுக்கவும் இல்லை. நாமளும் வாங்கலாம், உடுத்தலாம், ஓட்டலாம். அது போனா நாம குறைஞ்சு போயிடக் கூடாது, அவ்வளவுதான்.

அன்னைக்கு பஸ், விஞ்ச், சாப்பாடு, பஞ்சாமிர்தம் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்கூட ஆகல. பைக் லோனுக்கு நான் மொத்தமா கட்டப் போற வட்டி மட்டும் 53,520 ரூபாய். அந்த வட்டிக் காசுல 30 தடவைக்கு மேல அப்பாவோட போயிட்டு வந்திருக்கலாம்.

வண்டியை வித்துட்டியான்னு கேட்பீங்க. இல்லை. இன்னும் 26 தவணை பாக்கி இருக்கு. செஞ்ச முடிவுக்கு ஒழுங்கா கட்டி முடிக்கணும், அதுவும் ஒரு விரதம்தான். இப்பவும் ஓட்டுறேன், பிடிச்சுத்தான் ஓட்டுறேன். செவ்வாய்க்கிழமை திருப்போரூருக்கு அதுலதான் போறேன்.

ஆனா எனக்குன்னு சில பழக்கம் வெச்சுக்கிட்டேன். நான் குரு இல்லை, உபதேசம் பண்ற தகுதியும் இல்லை. உங்களுக்கும் உதவும்னு தோணினா எடுத்துக்கோங்க.

ஒண்ணு. பெருசா எதையாவது வாங்கணும்னு கை பரபரத்தா, அடுத்த சஷ்டி வரைக்கும் பொறுப்பேன். வளர்பிறையில ஒண்ணு, தேய்பிறையில ஒண்ணு, அதிகபட்சம் கிட்டத்தட்ட 15 நாள்தான். அன்னைக்கு முருகன் முன்னாடி நின்னு, "இது வேணுமா"ன்னு கேட்பேன். வாங்கினதுக்கு அப்புறம் இல்லை, வாங்குறதுக்கு முன்னாடி. பாதி ஆசை சஷ்டி வரைக்கும் தாங்குறதே இல்லை. தாங்கி நிக்கிறது உண்மையான ஆசை, அதைச் சந்தோஷமா வாங்கலாம்.

ரெண்டு. மாசத் தவணையைப் பார்க்க மாட்டேன், மொத்தத்தை ஒரு பேப்பர்ல எழுதுவேன். 9,820-னா சின்னதா தெரியும். 36-ஆல பெருக்கினா 3,53,520. கையிலேர்ந்து கொடுத்த 40,000-த்தையும் சேர்த்தா 3,93,520. கையால எழுதும்போது மனசுக்கு உறைக்கும்.

மூணு. துக்கத்துல எதையும் வாங்க மாட்டேன். அந்த அண்ணன் போன வலியைத்தான் நான் ஷோரூம்ல தீர்த்துக்கப் பார்த்தேன். அவருக்காக நான் செய்ய வேண்டியது வேற. இப்போ டீமுக்குப் புதுசா யார் வந்தாலும், பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துக்கிறேன். அவர் எனக்குப் பகிர்ந்தது அதுதான்.

நாலு. இதுதான் முக்கியம். இன்னைக்கு ராத்திரி உங்க போனை எடுங்க. அம்மா, அப்பா, தாத்தா, அப்பத்தா, அக்கா, யாரா இருந்தாலும் அவங்களோட சாட்டைத் திறங்க. "அடுத்த வருஷம்", "அப்புறம்", "பார்க்கலாம்"னு தேடிப் பாருங்க. என்ன வருதுன்னு பாருங்க. அவங்க கேட்டது பெரும்பாலும் காசுல சின்னதாத்தான் இருக்கும். வாழ்க்கை சின்னதுன்னு நிஜமாவே நம்புறவங்க முதல்ல முடிக்க வேண்டியது அதைத்தான்.

2026 தைப்பூசம் பிப்ரவரி 1-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நான் இப்பவே லீவு எழுதிக் கொடுத்துட்டேன். என் முட்டி நல்லா இருக்கும்போதே நடக்கப் போறேன். அப்பாவோட பச்சை வேட்டியும் துணிப்பையும் எனக்கு. அவர் பஸ்ல முன்னாடி போய், அடிவாரத்துல காத்திருப்பார். போன வாரம் போன்ல ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"செருப்பு இல்லாம நடந்து பழகுறியாடா?"

பழகிட்டு இருக்கேன்பா.

இதைப் படிச்சு முடிச்சதும் யாருக்காவது அனுப்பணும்னு தோணினா அனுப்புங்க. ஆனா அதுக்கு முன்னாடி, வீட்டுக்கு ஒரு போன் பண்ணிடுங்க.

முருகனுக்கு அரோகரா! கந்தனுக்கு அரோகரா!
பழனி மலை ஆண்டவனுக்கு அரோகரா!